உடனிருந்தது யார்?

பேராயர் கோவில் கல்லறைத் தோட்டத்தின் புது மதிலை ஒட்டியே நடந்து வந்தார். வயதானவர், பார்படோஸிலிருந்து வந்த கப்பல் பயணம் அவரை உலுக்கி எடுத்திருந்தது. வெள்ளை அங்கியின் ஓரம் சுண்ணாம்புத் தூசியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பின்னால் பாதிரியார் பிக்கரிங் சங்கீதத்தின் ஒரு வரியை வாசிக்க, அடுத்த வரியைத் துரைமார் முணுமுணுத்தார்கள். மெர்சில்லா மற்றப் பெண்களோடு புளியமரத்தடியில் நின்று அந்த அங்கியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மதிலின் வளைவுக்கு வந்துவிட்டது.

மதில் அங்கே நேராகப் போயிருக்க வேண்டும். கயிறு பிடித்து முளையடித்துக் கொடுத்தது நேராகத்தான். கட்டியவன் அவள் புருஷன் குவாக்கோ. அடியில் பாறை, கடப்பாரை இறங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி, அந்த இடத்தில் மட்டும் மதிலை வெளியே தள்ளி, பிள்ளைத்தாச்சி வயிறு போல வளைத்துக் கட்டியிருந்தான். அந்த வயிற்றுக்குள்தான் மவுண்ட் க்ளெமென்ட் எஸ்டேட் ஜனங்களின் பழைய கல்லறைகள் இருந்தன. மெர்சில்லாவின் மகள் ஃபிபாவும் அங்கேதான் கிடந்தாள்.

மதிலுக்கு வெளியே விட்டிருந்தால் அது துரையின் நிலம். பக்கத்து எஸ்டேட்டில் போன வருடம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். புதுக் கரும்பு நட குழி வெட்டினார்கள், மண்வெட்டியில் எலும்பு வந்தது, அதை ஓரமாகப் போட்டுவிட்டுக் கரும்பை நட்டார்கள். இந்த வருடம் அந்தக் கரும்புதான் ஆலைக்கு வந்தது. மதிலுக்கு உள்ளே இருந்தால் பேராயர் சுற்றி நடந்து பிரதிஷ்டை செய்த மண். அதை யாரும் வெட்ட முடியாது.

அதற்காகத் தங்கள் கையாலேயே ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டிலும் செத்தவர் கடைசியாகச் சாப்பிட்ட தட்டையோ கலயத்தையோ உடைத்து வைத்து, சுற்றிலும் சங்குகளைக் கவிழ்ப்பது வழக்கம். பாதிரியார் கண்ணில் பட்டால் பேய்க் கும்பிடு என்பார். அதனால் பேராயர் வருமுன்பே எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். மேலே பார்த்தால் வெறும் புல்மேடு. எது யாருடையது என்பது அவரவர் மனசுக்கு மட்டும் தெரியும்.

பேராயர் வளைவில் நின்றார். மதிலின்மேல் கையை ஊன்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  எஸ்டேட்டின் முதலாளியும் கோவில் நிர்வாகம் பார்க்கும் வார்டனுமான காட்ஸ்பி துரை, தொப்பியைக் கையில் பிடித்தபடி, வளைவையும் குவாக்கோவையும் மாறி மாறிப் பார்த்தார். பேராயர் எதையும் கவனிக்காமல் வளைவோடு வளைந்து நடந்தார். பிறகு கோவில் வாசலில் நின்று தாளைப் பிரித்து வாசித்தார். இந்த மதிலுக்குள் கிடக்கும் மண் இன்றுமுதல் கர்த்தருடையது, இதில் உறங்குகிறவர்களை உயிர்த்தெழும் நாள்வரை எவரும் அசைக்கலாகாது என்று அதில் இருந்தது. சுக்கி மெர்சில்லாவின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"உம்புருஷன் கட்டுன வயித்துக்கு பேராயரே வளைகாப்பு போட்டுட்டாருடி," என்றாள்.

இந்தத் தீவுகளுக்குப் பேராயர் என்று ஒருவர் வந்தே சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் லண்டன் பேராயர் கடலுக்கு அப்பால் இருந்தபடியே இவர்களையும் மேய்த்தார் என்பார்கள். மேய்த்ததை இங்கே யாரும் பார்த்ததில்லை. பாதிரிமார் துரைமாரோடு விருந்து சாப்பிட்டார்கள், துரைமார் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், துரைமாரை அடக்கம் செய்தார்கள். கறுப்பு ஜனத்துக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்றால் அவர்களுடைய துரை சம்மதிக்க வேண்டும். காட்ஸ்பி துரை சம்மதித்ததே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் அந்தத் தலை நிமிர்ந்துவிடும் என்பது அவருடைய பயம். பிறகு பேராயர் வந்தார், பள்ளிக்கூடங்கள் வந்தன, ஞாயிறுதோறும் வேதபாடம் வந்தது. அடிமைச் சட்டமும் ஒழிந்தது. ஆனால் இன்னும் சில வருடம் அதே துரைக்கு அதே காட்டில் ‘பழகுவேலை’ என்ற பெயரில் உழைத்துத் தீர்க்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். சாட்டை துரையின் கையிலிருந்து மாஜிஸ்திரேட்டின் கைக்கு மாறியிருந்தது. நகரத்துச் சிறையில் கைதிகளை ஓயாமல் மிதிக்க வைக்கும் மிதிசக்கரம் ஒன்றையும் புதிதாக மாட்டியிருந்தார்கள்.

பேராயரின் கப்பல் போய்ச் சில நாளில் காற்று நின்றுவிட்டது. காற்றாலையின் இறக்கைகள் அசையவில்லை. வெட்டிய கரும்பு வாசலிலேயே குவிந்து புளித்து நாறியது. அந்தப் புழுக்கத்தில் ஒரு மதியம் குவாக்கோ வேலை நேரத்தில் குடிசைக்கு வந்து நின்றான். கையில் கயிற்று உருண்டையும் முளைக்குச்சிகளும் இருந்தன. மெர்சில்லா மரவள்ளி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமல் நின்றதைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்தாள்.

காட்ஸ்பி துரையின் மனைவிக்கு மார்புநோய். கரும்பு அரைத்து முடியும்வரை தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் தனக்கும் சேர்த்து நிலவறைக் கல்லறை ஒன்று கட்டத் துரை முடிவு செய்திருந்தார். தோண்டுவதும் கட்டுவதும் குவாக்கோ. இடத்தைத் துரையே கைத்தடியால் கோடு போட்டுக் காட்டினாராம்.

"எங்க?" என்றாள் மெர்சில்லா.

"வளைவுக்குள்ள."

அவள் மாவுக் கையைத் துணியில் துடைத்தாள்.

"பாறை இருக்கு துரைன்னு சொன்னேன். சிரிச்சாரு. நீ வளைச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, பேராயர் நடந்த அன்னிக்கே பாத்துட்டேன், நல்ல மேடு, கடல் காத்து வரும், அதனாலதான் வாயத் தொறக்கலன்னாரு." குவாக்கோ கயிற்று உருண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூணாவது முளைய நம்ம புள்ள மேலதான் அடிச்சிருக்கேன். கைய அடக்கி மெதுவா அடிச்சேன். ஆழமா எறக்கல."

பிரதிஷ்டை ஆகாமல் இருந்திருந்தால் அந்த மேடு துரைக்கு வேண்டியிருக்காது. தன் மனைவியைப் பேராயர் நடக்காத மண்ணில் புதைக்க எந்தத் துரையும் சம்மதிக்க மாட்டான். பிள்ளைகளைக் காப்பாற்ற மதிலை வளைத்து, அந்த வளைவாலேயே அவர்களைத் துரையின் காலடிக்கு இழுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மெர்சில்லாவுக்கு அது அப்போதுதான் புரிந்தது.

சலித்த மாவை மூடிவைத்துவிட்டுத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு துணைக்கு சுக்கியைக் கூப்பிட்டாள். பாதிரியாரைத் தேடிக் கோவிலுக்கு நடந்தாள்.

பாதிரியார் பிக்கரிங் இளம் வயதுக்காரர். இங்கிலாந்திலிருந்து வந்த முகத்தில் வெயில் இன்னும் தோல் உரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இரண்டு பேரிடம் பயம் என்று ஊர் பேசிக்கொள்ளும். ஒருவர் பேராயர், மற்றவர் காட்ஸ்பி துரை. மெர்சில்லா, பாதிரியார் அங்கி மாற்றும் உடை அறையின் வாசலில் நின்றபடி, பேராயர் வாசித்ததை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். இதில் உறங்குகிறவர்களை எவரும் அசைக்கலாகாது. என் மகள் அதில்தான் உறங்குகிறாள் ஐயா என்றாள்.

பாதிரியார் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வளைவுக்குள் கல்லறைகள் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.  நிறைய இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். உன் மகளுக்கு ஞானஸ்நானம் ஆனதா என்று கேட்டார்.

ஆகவில்லை என்றால் அவள் அந்த மண்ணில் கிடக்கக் கூடாதவள். அவளைத் தோண்டி வெளியே எடுப்பதுதான் முறை என்று ஆகிவிடும். மெர்சில்லா நடந்து வரும்போதே அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்திருந்தது.

"ஆச்சுங்க ஐயா," என்றாள்.

பாதிரியார் ஜெப புத்தகத்தைப் பிரித்தார். பாதிரி இல்லாத இடத்தில் சாகக் கிடக்கும் பிள்ளைக்கு வேறு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் அது செல்லுமா என்று பார்க்கப் பாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தன. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"யார் குடுத்தது?"

"நாந்தான்."

"உடனிருந்தது யார்?"

"இதோ, சுக்கி."

சுக்கி தலையை ஆட்டினாள். அது உண்மை. அன்று காய்ச்சலில் பிள்ளை எரிந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

"எதைக் கொண்டு?"

"தண்ணிங்க. கெணத்துத் தண்ணி. நெத்தியில ஊத்துனேன்." அதுவும் உண்மை. ஊற்றிக்கொண்டேதான் இருந்தாள். சூடு இறங்கவே இல்லை.

"எந்த வார்த்தைகளைச் சொல்லி?"

அன்றைக்கு மெர்சில்லா சொன்னது ஒரே ஒரு வார்த்தை. ஃபிபா. ஃபிபா, ஃபிபா என்று விடியும்வரை அதையே சொன்னாள். வேறு எதையும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது நிமிர்ந்து, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொன்னேங்க ஐயா," என்றாள்.

பாதிரியார் விரலை வரியில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காலத்தில் வேதபாடமே கிடையாதே, இந்த வார்த்தைகள் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பெரிய வீட்டில் சின்னத் துரைக்கு ஞானஸ்நானம் ஆனபோது தண்ணீர்க் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் என்றாள். அதுவும் உண்மைதான். பாதிரியார் பேனாவை எடுத்து ஃபிபாவின் பெயரைக் கோவில் புத்தகத்தில் எழுதினார்.

திரும்பி வரும்போது மெர்சில்லா வேகமாக நடந்தாள். சுக்கி, பொய் சொன்ன வாய்க்குக் கொஞ்சம் வெல்லப்பாகு போடலாமா என்று கேட்டுச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். மெர்சில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளே விஷயம் திரும்பி வந்து கடித்தது. பாதிரியார் காட்ஸ்பி துரையிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். துரை கோபப்படவில்லையாம். ஒரு பிள்ளைக்கு ஆயிற்று, நல்லது, மற்றவர்களையும் கேளுங்கள் என்றாராம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக உடை அறைக்கு வரட்டும். வார்டன் என்ற முறையில் நானும் உட்கார்ந்து கேட்கிறேன். பதில் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் கிடக்கட்டும். மற்ற எலும்புகளை ஓடைப் பள்ளத்துக்கு எடுத்துப் போய்விடலாம். பொய் சொன்னதாகத் தெரிந்தால் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிதிசக்கரம் சும்மாதானே இருக்கிறது.

அன்று சாயங்காலம் பெண்கள் வயலிலிருந்து நேராக மெர்சில்லாவின் வாசலுக்கு வந்தார்கள். மண்வெட்டிகளைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நீ உன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டாய், எங்களை மாட்டிவிட்டாய் என்று ஒருத்தி சொன்னாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் துரை ஒரு மூலையை மட்டும் தோண்டியிருப்பார், இப்போது எல்லோரையும் தோண்டப் போகிறார் என்றாள் இன்னொருத்தி.  அவர்கள் சொன்னது சரி என்று மெர்சில்லாவுக்கே பட்டது. உள்ளே போய் ஒரு கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஞாயிறுக்குள் எல்லோரும் இதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

நான்கு கேள்வியையும் சொன்னாள். வார்த்தைகளையும் சொன்னாள். பெண்கள் உதட்டை அசைத்து அசைத்துப் பழகினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னால் துரை பிடித்துவிடுவார், ஆளுக்கொரு தண்ணீர் வேண்டும் என்று குவாக்கோ வாசல் ஓரத்திலிருந்து சொன்னான். ஒருத்திக்குக் குளத்துத் தண்ணீர், ஒருத்திக்குக் கடல் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டார்கள். சுக்கிக்குப் பிள்ளைகள் இரண்டு அங்கே கிடந்தன. அவள் முறை வந்ததும் கையைத் தூக்கினாள்.

"எளநித் தண்ணி செல்லுமா? அந்த வருஷம் பஞ்சம். கெணறு காஞ்சு கெடந்துச்சு."

"செல்லாதுடி."

"ரம்மு?"

"சுக்கி."

"இல்ல, தொரை வீட்டுப் பாதிரிக்கெல்லாம் அதுலதான ஞானஸ்நானம் ஆச்சு, அதான் கேட்டேன்."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. ஹேகர் எழுந்து நின்றிருந்தாள். ஹேகர் யாரிடமும் அதிகம் பேசாதவள். கரும்பு வெட்டும் வேலைக் கும்பலில் இருப்பவள். வெட்டுப்பட்ட கட்டைவிரல் கோணலாகச் சேர்ந்திருந்தது. அவள் மகன் கட்ஜோ ஆறேழு வயதில் எஸ்டேட் வைத்தியக் கொட்டகையில் செத்தவன்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஹேகர்.

மெர்சில்லா அவள் பக்கத்தில் போனாள். "அக்கா, நாலு வார்த்தைதான்."

"வார்த்தைக்காக இல்ல. நீங்கள்லாம் பக்கத்துல இருந்தீங்க. தண்ணி ஊத்துனீங்க. நான் இல்லையே. கரும்புல நின்னேன். புள்ளைக்கு முடியல, போறேன்னு கேட்டேன். வரிசைய முடிச்சிட்டுப் போன்னாங்க. முடிச்சிட்டுப் போனேன். அதுக்குள்ள துணியப் போட்டு மூடிட்டாங்க." ஹேகரின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "உள்ள நான் போறப்ப துரை வெளிய வந்துக்கிட்டு இருந்தாரு. நான் இருந்தேன்னு எம்புள்ள மேல சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரியும் நான் இல்லன்னு."

 ஹேகர் ஒருத்தி உண்மையைச் சொன்னால் மற்ற எல்லோருடைய பதிலும் பொய்யாகத் தெரியும். அது எல்லோருக்கும் புரிந்தது. ஹேகருக்கும் புரிந்தது. தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவளைத் தடுத்து நிறுத்தச் சொல்லி சுக்கி கண் காட்டினாள். மெர்சில்லா நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஞாயிறன்றும் காற்று இல்லை. ஆராதனையில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. காட்ஸ்பி துரை தன் முன்வரிசை இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி முழங்கால் போடும் மெத்தைப்பலகை காலியாக இருந்தது. வளைவுக்குள் முளைக்குச்சிகளில் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. அதன்மேல் வெட்டுக்கிளி ஒன்று உட்கார்ந்திருந்ததை மெர்சில்லா ஜன்னல் வழியே பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் உடை அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் கஞ்சி போட்ட வெள்ளை உடுத்தியிருந்தார்கள். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே மேஜையில் பாதிரியார். பக்கத்து நாற்காலியில் துரை, கால்மேல் கால் போட்டு. முதலில் போனவள் குளத்துத் தண்ணீர் என்றாள். அடுத்தவள் கடல் தண்ணீர் என்றாள். வார்த்தைகளை இருவருமே திக்காமல் சொன்னார்கள். பாதிரியார் எழுதினார். துரை புன்னகை செய்துகொண்டிருந்தார். மூன்றாவது ஹேகர்.

அவளுக்குப் பின்னால் சுக்கி. அதற்குப் பின்னால் மெர்சில்லா. அவளுடைய பிள்ளையின் காரியம் முடிந்துவிட்டது. வரிசையில் நிற்க அவளுக்கு வேலையே இல்லை. ஆனாலும் நின்றாள். ஹேகரின் முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்குவது தெரிந்தது.

"யார் குடுத்தது?" என்று பாதிரியார் கேட்டார். பிரசங்கம் செய்தே அவர் குரல் தேய்ந்திருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா," என்றாள் ஹேகர்.

துரை காலை இறக்கி வைத்தார்.

"தெரியாதா? உடனிருந்தது யார்?"

"நான் இல்லீங்க. கரும்புல இருந்தேன். விட மாட்டேன்னுட்டாங்க." ஹேகர் தலையைத் திருப்பாமல், நீட்டாத விரலால் சுட்டுவது போல, பார்வையை மட்டும் நகர்த்தினாள். "உடனிருந்தது துரைதான். அவரைக் கேளுங்க. எம்புள்ள சாகறப்ப தண்ணி கேட்டானா, யாராச்சும் ஊத்துனாங்களா, என்ன வார்த்தை சொன்னாங்க, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியணும்."

வெளியே வரிசை கதவை நோக்கி நெருங்கியது.

பாதிரியார் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அவர் இதை இங்கேயே விட்டுவிடலாம் என்று மெர்சில்லா நினைத்தாள். விட்டுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் புத்தகத்தில் கேள்வி அப்படித்தான் இருந்தது. உடனிருந்தவரைக் கேட்க வேண்டும். அவருடைய விரல் அந்த வரியின்மேலேயே இருந்தது. அவர் நாற்காலியில் மெதுவாகத் திரும்பினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"காட்ஸ்பி துரை. நீங்க உடனிருந்தீங்களா?"

"என்ன விளையாட்டு இது?"

"நான் எழுதியாகணும். இது பேராயருக்குப் போகும். உடனிருந்தீங்களா?"

துரை வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். இருந்தேன், ஒருவரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளையைத் தோண்டலாம். ஆனால் தாயைக் கரும்பில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் அங்கே நின்றதும் அதே வரியில் எழுதப்படும். பேராயர் வாசிப்பார். பேராயரின் மேஜையிலிருந்து எந்தத் தாள் லண்டனுக்குப் போகும், அங்கே யார் அதைப் பாராளுமன்றத்தில் எழுந்து படிப்பார்கள் என்பதெல்லாம் இந்த நாட்களில் எந்தத் துரைக்கும் நிச்சயமில்லை.

"ஞாபகமில்ல," என்றார் துரை.

"தண்ணீர்?"

"ஞாபகமில்லன்னு சொன்னேன்."

பாதிரியார் எழுதினார். எழுதிக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், சந்தேகம் உள்ளதைப் பாதிரி தீர்க்க முடியாது, பேராயர்தான் தீர்க்க வேண்டும் என்றார். அவருக்கு எழுதுவதாகச் சொன்னார். பதில் வரும்வரை வளைவுக்குள் மண்வெட்டி இறங்கக் கூடாது. யாருடைய மண்வெட்டியும் என்று இன்னொரு முறை சொன்னார். பேராயருடைய பதில் இந்தத் தீவுக்கு வந்து சேர எத்தனை கப்பல் மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் துரையின் மனைவியை வேறெங்காவது புதைத்தாக வேண்டும்.

சுக்கி மெர்சில்லாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். முளைக்கயிறு இனி அவிழும், ஃபிபா கிடப்பாள், கட்ஜோவும் கிடப்பான், யாரையும் ஓடைப் பள்ளத்துக்குச் சுமந்துபோக வேண்டியதில்லை. அந்த நினைப்பு மெர்சில்லாவின் நெஞ்சில் முழுதாக வந்து உட்காருமுன் துரை எழுந்து வெளியே வந்தார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிய ஹேகரின் முன்னால் நின்றார். பேச்சு மிகவும் தணிவாக வந்தது.

"நாளையிலிருந்து நீ கரும்புக்குப் போக வேண்டாம். பெரிய வீட்டுக்கு வா. துரைசாணி அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து குடுக்க ஆள் வேணும். கடைசிவரை உடனிருக்கணும். உடனிருக்கிறதோட அருமை உனக்குத்தான் தெரியுமே."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். துரைசாணி பிழைக்க மாட்டாள். பிழைக்காத வெள்ளைக்காரிக்குக் கடைசி மருந்தைக் கையில் கொடுத்த கறுப்புப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை இந்தத் தீவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தில் என்ன கலந்தாய் என்று கேட்பார்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நகரத்துச் சந்தைத் திடலில் தூக்குக் கயிறு தொங்கிய மரம் ஒன்று இருந்தது, அதன் பக்கம் பெண்கள் கூடையை இறக்குவதில்லை.

ஹேகர் தன் கோணல் கட்டைவிரலைத் தடவிக்கொண்டாள். "வரேன் துரை," என்றாள். வேறு பதில் சொல்ல இடமில்லை. பழகுவேலைச் சட்டத்தில் வேலையைத் தேர்ந்தெடுப்பது துரைதான்.

துரை குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். மெர்சில்லா வரிசையை விட்டு வெளியே வந்தாள். குவாக்கோ மதிலோரத்திலிருந்து அவளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"நானும் வரேங்க துரை."

துரை சேணத்தில் கையை வைத்தபடி திரும்பினார்.

"பெரிய வீட்டு வேலை எனக்குப் பழக்கம். அம்மாவைத் தூக்கிப் படுக்கவைக்க ஒரு ஆள் பத்தாது. ஹேகர் அக்கா மருந்து குடுக்கட்டும். ஒவ்வொரு வேளையும் நான் பக்கத்துல நிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாதிரி ஐயா அந்த நாலு கேள்வியும் எங்ககிட்ட எப்ப கேட்டாலும் ரெண்டு பேருமா பதில் சொல்லுவோம்."

உள்ளே பாதிரியாரின் பேனா நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மெர்சில்லாவுக்குத் தெரிந்தது. துரைக்கும் தெரிந்தது. துரை திறந்திருந்த கதவைப் பார்த்தார், பிறகு மெர்சில்லாவை, கணக்கு மாறிப்போன ஒருவர் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். அவளுடைய முகத்தை அவர் இன்றுதான் கவனித்தார்.

"சரி," என்றார். "ரெண்டு பேரும் வாங்க. விடியறதுக்குள்ள."

குதிரை சுண்ணாம்புப் பாதையில் இறங்கிப் போனது. குளம்பொலி வெகுநேரம் கேட்டது. காற்றில்லாததால் அது எங்கேயும் சிதறவில்லை. ஹேகர் மெர்சில்லாவின் பக்கத்தில் வந்து நின்றாள். தோள் தோளில் பட்டது. 

அடுத்தது யார் என்று பாதிரியார் உள்ளேயிருந்து கேட்டார். சுக்கி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.

"மழைத் தண்ணிங்க ஐயா," என்று அவள் முதல் கேள்விக்கு முன்பே சொல்லிவிட்டது வெளியே கேட்டது. பஞ்ச வருடத்தில் ஏது மழை என்று யாரும் சிரிக்கவில்லை.